யாருடைய ஆறு? மேற்கு அமெரிக்காவின் ஈத்தூண்டில் மரபு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

ஒரு தூண்டில் முள், அதன் தண்டிலே நூலாற் சுற்றிக் கட்டப்பட்ட சேவல் இறகு, மானின் மயிர்க்கற்றை, சிலவேளை மயிலிறகின் ஓர் இழை. பெரும்பாலும் பெருவிரல் நகத்தினும் சிறிய இப்பொருளை, ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலே ட்றவுட் மீன் பிடிப்போர் 'ஈ' என்றே அழைப்பர். மொன்ரானா மாநிலத்துக் கடையொன்றிலே இரண்டு மூன்று டொலருக்கு விற்கப்படும் இப்போலி ஈயைக் கட்டியவர் பெரும்பாலும் மொன்ரானாவைக் கண்ணாற் காணாதவர். இயந்திரத்தால் இதனைக் கட்டும் வழி இன்றுவரை கைகூடவில்லை. ஒவ்வொன்றும் கையாலேயே கட்டப்படல் வேண்டும். அக்கைகள் இன்று கென்யாவிலும் தாய்லாந்திலும் பிலிப்பைன்சிலும் எமது இலங்கையிலும் உள்ள தொழிலாளரின் கைகள்; அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். நமது நாட்டிலிருந்து தேயிலையும் ஆடையும் ஏற்றுமதியாவதை அறிந்த நாம், பூச்சியின் உருவங்களும் ஏற்றுமதியாகின்றன என்பதை அறிந்திருப்பது அரிது. மார்க்ஸ் தமது மூலதன ஆய்வைத் தனியொரு பண்டத்திலிருந்து தொடங்கினார். நாமும் இச்சிறு பண்டத்திலிருந்து தொடங்குவதில் தவறில்லை.

இலக்கிய மாணவராகிய நாம் தூண்டிலைப் பற்றி எழுதப் புகுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்திலே தூண்டில் மீன்பிடிக்கு ஐந்து நூற்றாண்டுகட்கு மேற்பட்ட எழுத்துமரபு இருக்கின்றது. அம்மரபிலே ஆறு என்பது பெரும்பாலும் சமூகம் முடிவடையும் இடமாகவே சித்திரிக்கப்படுகின்றது. நகரம், கூலி, கடன், வழக்கு யாவும் கரையிலே விடப்படுகின்றன. நீரில் இறங்கியவன் இயற்கையோடு தனித்து நிற்கின்றான். ஆங்கில ஊரக இலக்கியம் உழைப்பையும் உழைப்பாளியையும் நிலக்காட்சியிலிருந்து எவ்வாறு அகற்றிற்று என்பதை றேமண்ட் வில்லியம்ஸ் 1973 இல் வெளியிட்ட, நாடும் நகரும் பற்றிய நூலிலே எடுத்துக்காட்டினார். அதே வினாவை மேற்கு அமெரிக்க ட்றவுட் ஆறுகள் குறித்தும் எழுப்புதல் வேண்டும். ஆற்றில் நிற்கும் மனிதன் யார்? அங்கு நிற்கும் உரிமை அவனுக்கு எவ்வாறு கிடைத்தது? யாரிடமிருந்து கிடைத்தது?

முதலில் அக்கலையின் இயல்பைச் சற்று விளக்குவோம். சாதாரணத் தூண்டிலிலே ஈயக்குண்டின் பாரம் நூலை இழுத்துச் செல்கின்றது. ஈத்தூண்டிலிலோ போலி ஈக்குப் பாரமே இல்லை, கயிறுதான் பாரம். தடித்த அக்கயிற்றைத் தலைக்குப் பின்னால் வீசி, அது காற்றிலே முழுவதும் நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பின்னர் முன்னோக்கிச் செலுத்தல் வேண்டும். பொறுக்கும் அக்கணந்தான் இதன் இரகசியம். வலிமை மிக்க ஆடவர் தோற்குமிடத்துச் சிறுமியர் வெல்வதுண்டு. இவ்வாறு வீசப்பட்ட ஈ, நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதந்து வரவேண்டும். கயிறு அதனைச் சிறிது இழுத்தாலும், நீரோட்டத்தை எதிர்நோக்கிக் கல்லின் மறைவிலே காத்திருக்கும் ட்றவுட் அதனைப் புறக்கணித்துவிடும்.

எந்த ஈயை வீசுவது என்பது வேறொரு அறிவு. ட்றவுட்டின் உணவிற் பெரும்பகுதி நீர்ப்பூச்சிகள். மே-ஈ எனப்படும் பூச்சி ஆற்றுக் கல்லின் அடியிலே ஓராண்டளவு குடம்பியாக வாழ்ந்து, பின் நீர்மட்டத்துக்கு எழுந்து சிறகு பெற்று, ஓரிரு நாளிலேயே இணைந்து முட்டையிட்டு மடிகின்றது. முதல் மழைக்குப் பின் எமது முற்றங்களிலே ஈசல் எழுவதைக் கண்டவர்கள் ஆற்றின் மேல் அது திரளாக எழும் காட்சியை ஊகித்துக்கொள்ளலாம். யூன் மாதத்திலும் யூலைத் தொடக்கத்திலும் மடிசன், பிக்ஹோல் ஆகிய ஆறுகளிலே இரண்டு அங்குலம்வரை நீளமான கல்லீ வெளிப்படும்; அது மூன்று நான்கு ஆண்டுகளை நீருக்கடியிலே கழித்தது. அவ்வெழுச்சி நாளுக்குச் சில மைல்களாக ஆற்றின் மேற்பகுதியை நோக்கி நகர்ந்து செல்ல, தூண்டில்காரரும் அதன் பின்னே நகர்வர். எந்நாளில், எந்நீர்வெப்பத்தில், எவ்வளவு பருமனுள்ள எவ்வினப் பூச்சி எழும் என்பதைக் கற்றறிந்தவர்கள் பல்கலைக்கழகப் பூச்சியியலாளருக்குச் சளைத்தவர்கள் அல்லர். இதனை வெறும் பூர்ஷ்வாப் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுவோர் அவ்வறிவின் ஆழத்தை அறியாதவர்கள் என்றே கூறுவோம்.

ஆனால் அவ்வறிவு வர்க்கச் சார்பற்ற வெளியில் வளர்ந்ததன்று. 1496 இல் இங்கிலாந்திலே வின்கின் டி வேர்ட் அச்சிட்ட தூண்டில் பற்றிய சிறுநூல் இதற்குச் சான்று. அதனைத் தனிப் பிரசுரமாக மலிவு விலையில் வெளியிட்டால் வேலையற்ற எளியோர் வாங்கிப் படித்து மீன்களை அழித்துவிடுவர் எனக் கருதி, கனவான்களுக்கான பெருந்தொகுதி ஒன்றினுள் அதனைச் சேர்த்ததாகவே அந்நூலிற் கூறப்படுகின்றது. நூலின் விலையே இங்கு வேலியாயிற்று. அறிவைப் பரப்பவென வந்த அச்சுக்கலை தன் இளமையிலேயே அறிவை மறைக்கவும் பயன்பட்டமைக்கு இதனிலும் தெளிவான உதாரணத்தை நாம் கண்டதில்லை. 1653 இல் வெளிவந்த ஐசாக் வால்ரனின் புகழ்பெற்ற நூலுக்கும், 1886 இல் மிதக்கும் ஈக்கள் பற்றி ஹல்போர்ட் எழுதிய நூலுக்கும் இடையே இங்கிலாந்தின் நிலவுடைமை உறவுகள் பெரிதும் மாறின. 1723 இன் கறுப்புச் சட்டம் மீன்குளங்களின் கரையை உடைப்பதையும் மரணதண்டனைக்குரிய குற்றமாக்கியதை ஈ. பி. தொம்சன் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஹல்போர்ட்டின் காலத்திலே தென் இங்கிலாந்தின் சுண்ணக்கல் ஆறுகள் செல்வர்களுக்கும் அவர்தம் கழகங்களுக்கும் குத்தகைக்கு விடப்பட்டிருந்தன. நீர்மட்டத்திலே மிதக்கும் ஈயை, மேலெழும் மீனுக்கு மட்டுமே வீசவேண்டும் என்னும் கடும் ஒழுக்கவிதி இச்சூழலிலேயே உருவாயிற்று. நீருக்கடியிற் செல்லும் குடம்பி ஈயை 1910 இல் ஸ்கியூஸ் ஆதரித்து எழுதியபோது எழுந்த பூசல், இன்று நோக்குவார்க்கு நகைப்பை விளைவிக்கும். பசிக்காக மீன் பிடிக்காதவர்களே எவ்வாறு பிடிப்பது என்பதில் இத்துணை கண்டிப்பாக இருக்க முடியும்.

அமெரிக்க மேற்கின் ஆறுகள் இவ்வொழுக்கத்தைப் பெரிதும் மதிக்கவில்லை. அவை அகன்றவை, வேகமானவை, குளிர்ந்தவை. மொன்ரானாவின் மிசூலா நகரிலே, பொய்மயிர் செய்யும் தொழிலாளியான பிரான்ஸ் பொட் என்பவர் 1920களிலே தமது தொழில் நுட்பத்தைக் கொண்டே மயிரைப் பின்னி ஈ செய்யும் முறையைக் கண்டார். அவரிடத்தும் பின்னும் வேலையைச் செய்தவர்கள் பெண்களே. தூண்டிற் கோலும் உலக அரசியலுக்கு அப்பாற்பட்டதன்று. சிறந்த கோல்கள் தென் சீனத்துக் குவாங்டொங் மாகாணத்து மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்யப்பட்டன. சீனப் புரட்சியின் பின் 1950 இல் ஐக்கிய அமெரிக்கா விதித்த வணிகத் தடையினால் அம்மூங்கில் வராது போகவே, கண்ணாடியிழைக் கோல் சந்தையைக் கைப்பற்றிற்று. மொன்ரானாத் தூண்டில்காரரின் கையிலிருந்த கோல் மாறியமைக்கு மாஓ சேதுங்கும் ஒருவகையிற் காரணர் எனலாம்.

இனி, பிடிக்கப்படும் மீனுக்கு வருவோம். மேற்கின் மலையாறுகளிலே தூய இயற்கையின் குறியீடாகப் போற்றப்படும் கபில ட்றவுட் அமெரிக்க மீனே அன்று. அதன் முட்டைகள் 1883 இல் ஜேர்மனியிலிருந்து நியூயோர்க்குக்குக் கொண்டுவரப்பட்டன. 1889 இல் அவ்வினம் மொன்ரானாவின் மடிசன் ஆற்றை அடைந்தது. மொன்ரானா ஒரு மாநிலமாக ஒன்றியத்திற் சேர்க்கப்பட்டதும் அதே 1889 இலேயே. மீனும் அரசும் ஒரே ஆண்டிற் குடியேறின என்பது தற்செயலே எனினும், இரண்டையும் கொண்டுவந்தது ஒரே இயக்கந்தான். வானவில் ட்றவுட் பசிபிக் கரைக்குரியது. மேற்கின் உள்நாட்டு ஆறுகளுக்கும் உலகின் பல பாகங்களுக்கும் அது பரவுவதற்கு ஊற்றாக விளங்கியது கலிபோர்னியாவின் மக்கிளவுட் ஆறு. அங்கு, வின்ட்டு மக்களின் நிலத்திலே, 1872 இல் லிவிங்ஸ்ரன் ஸ்ரோன் என்னும் முன்னாட் போதகர் அரசாங்கத்துக்காக மீன்பொரிப்பு நிலையமொன்றை நிறுவினார். அந்நிலத்தின் மக்கள் அதன் கூலியாட்களாயினர். பின்னர் 1938 க்கும் 1945 க்கும் இடையே கட்டப்பட்ட சாஸ்ரா அணையின் நீர்த்தேக்கம் அவர்களது ஊர்களையும் இடுகாடுகளையும் மூழ்கடித்தது.

(நுவரெலியாவின் ஓடைகளிலே பிரித்தானியத் துரைமார் 1880களில் ட்றவுட்டை விட்டதும் இவ்வரலாற்றின் ஒரு கிளைதான். ஹோட்டன் சமவெளியில் இன்றும் வானவில் ட்றவுட் உண்டு. தேயிலைக் கொழுந்து பறித்தவர்களுக்கு அது ஒருபோதும் உரியதாயிருக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.)

குடியேறிய மீன்கள் பூர்வீக மீன்களை ஒதுக்கின. தாடையின் கீழ் வெட்டுக்காயம் போன்ற செங்கோடு கொண்ட மலைநாட்டு ட்றவுட் இனம் பல ஆறுகளிலிருந்து மறைந்து ஊற்றுக்கண்களை நோக்கி ஒதுங்கிற்று. சேலிஷ் மக்கள் மிசூலாவை அடுத்த இடங்களை அழைத்த பெயர்களே அங்கு காளை ட்றவுட் எனப்படும் மீன் மிகுந்திருந்ததைக் குறிப்பன. குளிர்கால உணவுக்கு அவர்களுக்கு அது உதவிற்று. அம்மீன் 1998 இல் அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. சேலிஷ் மக்களும் அப்போது வேறிடத்தே ஒதுக்கிடத்தில் இருந்தனர்.

இவ்விடத்து அரசாங்க அறிவியலின் ஒரு நற்செயலையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. பொரிப்பகத்து மீனை ஆற்றில் விடுவது நற்பணி என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. மொன்ரானா மாநில மீன்வளத் திணைக்களத்து ஆய்வாளர் டிக் வின்சென்ற் மடிசன் ஆற்றிலும் ஓடெல் ஓடையிலும் நடத்திய கணக்கெடுப்பு, பொரிப்பக மீனை விடுவதால் ஆற்றிலேயே இனம்பெருக்கி வாழும் மீன்களின் தொகை குறைகின்றது எனக் காட்டிற்று. வணிகர் எதிர்த்தனர், வளமான ஆறுகளிற் பொரிப்பக மீன் விடுவதை 1974 இல் மாநிலம் நிறுத்திற்று. இன்று அம்மாநிலத்தின் ஆறுகள் பெற்றுள்ள புகழுக்கு இதுவே அடிப்படை. ஆயினும் 'காட்டு' மீன் எனப் போற்றப்படுவதும் குடியேறிய மீனின் சந்ததியே. 1994 இறுதியில் ஐரோப்பிய ஒட்டுண்ணி ஒன்றினால் விளையும் சுழல்நோய் மேல் மடிசனிலே கண்டறியப்பட்டபோது, வானவில் ட்றவுட்டின் தொகை ஏறத்தாழ பத்திலொன்றாக வீழ்ந்திருந்தது. அவ்வொட்டுண்ணியோடு ஐரோப்பாவிலே நெடுங்காலம் வாழ்ந்து பழகிய கபில ட்றவுட்டோ பெரும் பாதிப்பின்றித் தப்பிற்று. இயற்கைக்கும் தனது காலனித்துவ வரலாறு உண்டு.

இம்மரபின் இக்காலப் பேரிலக்கியம் எனக் கருதப்படுவது நோர்மன் மக்லீன் எழுதிய, ஆறொன்று ஊடறுத்து ஓடுவதைத் தலைப்பாகக் கொண்ட குறுநாவல். மிசூலாவின் பிரெஸ்பிற்றீரியப் போதகரின் மகனாகிய மக்லீன் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்து ஓய்வுபெற்ற பின், எழுபது வயதைக் கடந்த நிலையில் இதனை எழுதினார். மரங்கள் இருக்கின்றன என்பதைக் குறையாகக் கூறி ஒரு பதிப்பாளர் அக்கதைகளைத் திருப்பிவிட்டதாக அவரே குறித்துள்ளார். 1976 இல் சிக்காகோப் பல்கலைக்கழக அச்சகம் அந்நூலை வெளியிட்டது. அவ்வச்சகத்தின் முதற் புனைகதை வெளியீடு அதுவே. பிளாக்பூட் ஆற்றிலே தந்தையும் இரு புதல்வரும் மீன்பிடிக்கின்றனர். இளையவன் ஒப்பற்ற தூண்டில் வல்லுநன். சூதாலும் குடியாலும் அழிந்து, அடித்துக் கொல்லப்படுகின்றான். அவனை நேசித்தோருக்கு அவனுக்கு உதவத் தெரியவில்லை. பக்திக்கும் கலைத்திறனுக்கும் இடையே வேறுபாடு காணாத அக்குடும்பத்தை மக்லீன் எவ்வித மிகையுணர்ச்சியுமின்றி வரைந்துள்ளார். அது பெரும் படைப்பு என்பதில் எமக்கு ஐயமில்லை.

எமது விமரிசனம் அப்படைப்பின் மீதன்று. அது வாசிக்கப்பட்ட முறையின் மீதே. அதே நூலில் அடங்கிய மற்றிரு கதைகள் மரம் வெட்டும் முகாமையும் காட்டுச் சேவையின் கூலி வேலையையும் பற்றியன. இருவர் இழுக்கும் வாளின் இருமுனைகளிலும் நின்று ஒருவரையொருவர் வெறுக்கும் தொழிலாளரை மக்லீன் ஆற்றை அறிந்த அளவுக்கே அறிந்திருந்தார். வாசகர் உலகம் வாளை மறந்து தூண்டிலை மட்டும் எடுத்துக்கொண்டது. 1992 இல் றொபேட் றெட்போர்ட் அக்குறுநாவலைத் திரைப்படமாக்கியபோது, ஆற்றுக்காட்சிகளிற் பெரும்பகுதி பிளாக்பூட்டில் அன்றி கலட்டின் முதலிய வேறு ஆறுகளிலேயே படமாக்கப்பட்டது. நூல் வெளிவருவதற்கு முந்திய ஆண்டாகிய 1975 இலே, பிளாக்பூட்டின் தலைப்பகுதியிலிருந்த மைக்ஹோர்ஸ் சுரங்கக் கழிவு அணை உடைந்து நச்சு உலோகச் சேறு ஆற்றிலே கலந்திருந்தது. மரம் வெட்டலும் கரைகளைச் சிதைத்திருந்தது. படத்தின் புகழால் ஈத்தூண்டில் நாடெங்கும் பரவிற்று. வழிகாட்டியொருவரையும் படகையும் ஒரு நாளுக்கு அமர்த்தப் பல நூறு டொலர் செலுத்துவோர் கூட்டம் மொன்ரானாவுக்கு வந்தது. அவர்களுட் பெருஞ்செல்வர் சிலர் ஆற்றங்கரைக் காணிகளையே வாங்கினர். இவ்விடத்திலேதான் எமது முதல் வினா தன் முழுக் கூர்மையையும் பெறுகின்றது.

மொன்ரானாவின் வரலாறு செப்பின் வரலாறு. பியூட் நகரின் சுரங்கங்களை ஆண்ட அனகொண்டா செப்புக் கம்பனி மாநிலத்தின் பெரும்பாலான நாளிதழ்களை 1959 வரை தன் உடைமையாக வைத்திருந்தது என்பதொன்றே அதன் பிடியை உணர்த்தப் போதும். பியூட்டின் கழிவு கிளார்க் போர்க் ஆற்றிலே கலந்தது. 1908 இன் பெருவெள்ளம் அதனை மிசூலாவுக்கு மேலேயுள்ள மில்ரவுண் அணைவரை கொண்டுசேர்த்தது. அவ்வூர்க் கிணறுகளில் 1981 இல் ஆசனிக்கு கண்டறியப்பட்டது; அணை 2008 இலேதான் உடைக்கப்பட்டது. கம்பனியின் பிடி தளர்ந்த சூழலிலே 1972 இல் இயற்றப்பட்ட புதிய அரசியல் யாப்பு, மாநில எல்லைக்குட்பட்ட நீர் யாவும் மக்களின் பயன்பாட்டுக்கென மாநிலத்துக்கே உரியது என விதித்தது.

இவ்விதியை ஏட்டிலிருந்து ஆற்றுக்குக் கொண்டுவந்தவர்கள் சாதாரணத் தூண்டில்காரர். டியர்போர்ண் ஆற்றிலே ஒரு காணி உரிமையாளர் ஆற்றுப்படுகையும் தமதே என்றார். பீவர்ஹெட் ஆற்றிலே இன்னொருவர் படகுகளை மறிக்க முற்பட்டார். ஆறுகளிற் புகும் உரிமைக்கான கூட்டமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. சுரங்க நகராகிய பியூட்டின் தூண்டில்காரர் இதில் முன்னின்றனர். 1984 இல் மாநில உயர் நீதிமன்றம் இரு வழக்குகளிலும் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. படுகை யாருடையதாயினும் ஆகுக. பொழுதுபோக்குக்குப் பயன்படத்தக்க நீர் எதுவாயினும் அதனைப் பயன்படுத்த மக்களுக்கு உரிமையுண்டு என்பதே தீர்ப்பின் சாரம். 1985 இன் சட்டம் இதனை வரையறுத்தது. பாலத்தின் வழியாகவோ பொதுக் காணியின் வழியாகவோ ஆற்றை அடைந்த ஒருவர், வெள்ள உயர்மட்டக் கோட்டுக்குட்பட்ட பகுதியிலே, இருமருங்கும் கோடீசுவரரின் காணியாயிருப்பினும், நடந்து செல்லலாம். கரை ஏறித் தனியார் காணியைக் கடக்கும் உரிமை இல்லை.

இது எத்துணை பெரிய உரிமை என்பதை அறிய எல்லையைத் தாண்டினாற் போதும். அயல் மாநிலமாகிய வயோமிங்கில், 1961 இன் தீர்ப்பின்படி ஆற்றில் மிதந்து செல்லலாம். ஆனால் தனியார் காணிக்குரிய படுகையிலே கால் ஊன்றினால் அத்துமீறல். நங்கூரம் இட்டாலும் அவ்வாறே. கொலறாடோவில் 1979 இன் தீர்ப்பு, தனியார் காணியின் மேலாக மிதந்து சென்றவர்களையே குற்றவாளிகளாக்கிற்று. அம்மாநிலத்தின் ஆர்க்கன்சா ஆற்றிலே நின்று மீன்பிடிக்கும் உரிமையைக் கோரி முதிய தூண்டில்காரர் ஒருவர் தொடுத்த வழக்கை, அவ்வாறு வழக்காடும் தகுதியே அவருக்கு இல்லையென 2023 இல் அம்மாநில உயர் நீதிமன்றம் தள்ளிற்று. படுகை யாருடையது என்ற வினாவுக்கு விடை கூறவில்லை. நியூ மெக்சிக்கோவிலோ 2022 இல் நீதிமன்றம் மக்களின் பக்கம் நின்றது. காட்டில் விழுந்த சுள்ளியைப் பொறுக்கும் ஏழையின் வழக்காற்றுரிமை எவ்வாறு சட்டத்தினால் 'திருட்டு' ஆக்கப்பட்டது என்பதை 1842 இல் இளம் மார்க்ஸ் றைன்லாந்துப் பத்திரிகையில் எழுதினார். ஆற்றிற் கால் வைத்தல் வயோமிங்கிலே அத்துமீறலாகவும், எல்லைக்கப்பால் மொன்ரானாவிலே உரிமையாகவும் இருப்பதைக் காண்போர்க்கு அக்கட்டுரைகள் புதிய பொருள் தரும்.

மொன்ரானாவின் வெற்றியும் முடிந்த காரியம் அன்று. அதனை முறியடிக்க முயற்சிகள் தொடர்ந்தன. பிற்றரூட் பள்ளத்தாக்கிலே ஓடும் கிளையொன்றை, அது ஆறு அன்று, பாசன வாய்க்காலே எனக் கூறி அக்கரைச் செல்வர்கள் மூட முயன்றனர். அது இயற்கையான நீரோட்டமே என 2008 இல் உயர் நீதிமன்றம் கூறிற்று. கூலிக்கு உழைப்போர் வார இறுதியிலே பெருஞ்செல்வரின் வேலிகளுக்கிடையே நடந்து சென்று மீன்பிடிக்க முடிகின்ற ஓரிடம் முதலாளித்துவ உலகின் நடுவே இருக்கின்றது என்பது முற்போக்காளர் எளிதாக ஒதுக்கத்தக்க செய்தியன்று.

ஆனால் இதே பிற்றரூட் பள்ளத்தாக்கு சேலிஷ் மக்களின் தாயகம். 1855 இன் உடன்படிக்கை அவர்களது வழமையான மீன்பிடி உரிமையைக் காத்தது. தலைவர் சார்லோவும் அவருடைய மக்களும் 1891 இல் பள்ளத்தாக்கை விட்டு வெளியேற்றப்பட்டனர். 'மக்களுக்குரிய நீர்' என யாப்புக் கூறும்போது மக்கள் என்னும் சொல்லினுள் அடங்குவோர் யாவர்? இவ்வினாவை மறைக்கவியலாத வகையில் எழுப்பியது பிக்ஹோர்ன் ஆறு.

குறோ மக்களின் ஒதுக்கிடத்தினூடாகப் பாயும் இவ்வாறு முன்னர் சேறு கலங்கியதாகவும் கோடையில் வெதுவெதுப்பாகவும் இருந்தது; ட்றவுட்டுக்கு உகந்ததன்று. 1960களில் அதன் குறுக்கே பேரணை கட்டப்பட்டது. நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து வெளிவிடப்படும் குளிர்ந்த தெளிந்த நீர், அணைக்குக் கீழே உலகப் புகழ்பெற்ற ட்றவுட் ஆறொன்றை உருவாக்கிற்று. தமது நிலத்தினூடு பாயும் ஆற்றிலே வெளியார் மீன்பிடிப்பதைக் குறோ மக்கள் 1973 இல் தடைசெய்தனர். வழக்கு ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1981 இல் ஆறு நீதியரசர் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. 1868 இன் உடன்படிக்கையால் ஆற்றுப்படுகை குறோ மக்களுக்கு வழங்கப்படவில்லை. 1889 இல் மொன்ரானா மாநிலமானபோது அது மாநிலத்தைச் சேர்ந்தது. ஒதுக்கிடத்தினுள்ளே வெளியார் உடைமையாகவுள்ள காணிகளில் அவர்கள் மீன்பிடிப்பதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் குறோ மக்களுக்கு இல்லை.

இத்தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று ஆழ்ந்து நோக்கத்தக்கது. உடன்படிக்கை செய்யப்பட்ட காலத்திலே குறோ மக்கள் காட்டெருமையை நம்பி வாழ்ந்தவர்கள். மீன் அவர்களது உணவிலோ வாழ்க்கையிலோ முக்கியம் பெறவில்லை. ஆகவே ஆற்றுப்படுகையை அவர்களுக்கு வழங்கும் பொதுத்தேவை அன்று இருந்ததாகத் தெரியவில்லை என்றது நீதிமன்றம். அக்காட்டெருமையை ஏறத்தாழ அழித்தொழித்தவர்கள் யார் என்ற கேள்வி ஒருபுறமிருக்க, அத்தீர்ப்பினால் ஆற்றைப் பெற்றவர்களுக்கும் மீன் உணவு அன்று. ஈத்தூண்டில்காரரின் இன்றைய ஒழுக்கவிதி, பிடித்த மீனை உயிரோடு ஆற்றில் விடுவதே. மீனை உண்ணாதவர் எனக் காட்டி ஒரு மக்களிடமிருந்து எடுக்கப்பட்ட ஆறு, மீனை உண்ணாதிருப்பதையே பெருமையாகக் கொண்டோரிடம் கையளிக்கப்பட்டது.

1984 இன் வெற்றியையும் 1981 இன் தீர்ப்பையும் ஒன்றையொன்று மறுப்பனவாக நாம் கொள்ளவில்லை. இரண்டும் மாநிலத்தின் உரிமை என்னும் ஒரே கோட்பாட்டின் மேல் நிற்பவை. பெருங்காணிக்காரனுக்கு எதிராகப் பியூட்டின் தூண்டில்காரனைக் காத்த அதே கோட்பாடு, குறோ மக்களுக்கு எதிராக அவனுக்கு வாயிலைத் திறந்தது. ஆறுகளின் பொதுவுரிமைக்காகப் போராடுவோருட் பலர் முதலாவதைப் பெருமையோடு நினைவுகூர்கின்றனர். இரண்டாவதைப் பற்றிப் பேசுவது குறைவு.

அணைக்கு வைக்கப்பட்ட பெயர் யெலோரெயில் அணை. அது கட்டப்படுவதைத் தடுக்கப் பல்லாண்டுகள் போராடித் தோற்ற குறோத் தலைவர் றொபேட் யெலோரெயிலின் பெயர் அது. அணைக்குக் கீழே ஏறத்தாழ பதின்மூன்று மைல் தூரத்திற்கு, கோடை காலையிலே படகுகள் வரிசையாக இறங்குகின்றன. ஒவ்வொரு படகிலும் சிறு பெட்டிகள். பெட்டிகளுள்ளே நிறைநிறையாகப் போலி ஈக்கள். அவற்றுட் சில இலங்கையிற் கட்டப்பட்டவை.